முப்பத்தொன்றாவது தட்டு

ஜூன் 3, திங்கள்

கோயம்புத்தூர் மேடத்தின் ஆன்லைன் வகுப்பு இன்று தொடங்கிவிட்டது. சிறு தொழில் செய்கிறவர்களுக்கு சோஷியல் மீடியா, பன்னிரண்டு வாரம். முதல் வீட்டுப்பாடம், ஒரு நோட்டு வாங்கி அதில் எழுதி வர வேண்டும். என்ன போட்டோம், யார் பார்த்தார்கள், என்ன கற்றுக்கொண்டோம். முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார்.

தொழில்: சீர்வரிசைத் தட்டு அலங்காரம், கோவில்பட்டி. நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாவற்றுக்கும் செய்து தரப்படும்.

போட்டியாளர்: மாரீஸ்வரி. என் அண்ணன் பெண்டாட்டி.

இலக்கு: மாரீஸ்வரி தன் பக்கத்தை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டும்.

இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார் மேடம். அவளுக்கு ஃபாலோயர் 18,400. எனக்கு 212. அளந்தாயிற்று.

ஜூன் 4, செவ்வாய்

இரண்டாம் பாடம்: "உங்கள் கதை." வாடிக்கையாளர் கதைக்குத்தான் மயங்குவார்களாம். இதை நான் எங்கேயும் போடப்போவதில்லை, நோட்டில் மட்டும் எழுதுகிறேன்.

ஆறு வருஷம் அவள் வீட்டு ஹாலில்தான் வேலை செய்தோம். தட்டில் துணி ஒட்டுவது, கல் பதிப்பது, பழம் அடுக்குவது, தேங்காய்க்குச் சட்டை தைப்பது எல்லாம் இரண்டு பேரும்தான். பக்கத்துக்குப் பெயர் 'மாரிச்செல்வி'. மாரி அவள், செல்வி நான், முத்துச்செல்வி. பக்கம் அவள் போன் நம்பரில் இருந்தது. சொந்தம்தானே என்று விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன தை மாதம் கயத்தாறில் ஒரு கல்யாணம். முப்பத்தொரு தட்டு ஆர்டர். வேனில் ஏற்றிக்கொண்டு போனவள் நான். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பது. "இரட்டைப் படையில சீர் வைக்கீகளா? எம் பிள்ளை நல்லாருக்க வேண்டாமா?" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் மேளக்காரர் நிறுத்திவிட்டார். பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது போனைத் திறந்தேன். மாரிச்செல்வி பக்கத்தில் ஒரு மன்னிப்பு. "எங்கள் வேலையாள் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு."

வேலையாள்.

ஆறு வருஷம் பாதித் தொழிலைச் சுமந்தவள், கட்டினவனின் கூடப்பிறந்த தங்கை, வேலையாள். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நான் ஏற்றியது முப்பத்தொன்று. ஒவ்வொன்றாக என் கையால் எடுத்துக் கொடுத்து எண்ணினேன். சுபிக்ஷா மேல் சத்தியம். பிள்ளை மேல் சத்தியம் செய்யக்கூடாது. என் மேல் சத்தியம். மறுநாள் அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு தட்டு இருந்ததாக அண்ணன் போனில் சொன்னான். அவளே ஒளித்து வைத்திருப்பாள்.

ஜூன் 11, செவ்வாய்

முதல் ரீல் போட்டேன். "சீர்த்தட்டில் செய்யவே கூடாத ஐந்து தவறுகள்." ஐந்தும் மாரீஸ்வரி செய்கிறவை. பிளாஸ்டிக் ரோஜா. கண்ணைக் குத்தும் ஜிகினா. ஒரே மாடலைப் பத்து வீட்டுக்குக் கொடுப்பது. பெயர்ப் பலகையில் மாப்பிள்ளை பெயரைப் பெரிதாகவும் பெண் பெயரைச் சிறிதாகவும் எழுதுவது. வாழைப்பழத்தை நெட் துணியில் இறுக்கிச் சுற்றி மண்டபம் போவதற்குள் கறுக்க விடுவது.

நெட் துணி என் யோசனைதான். ஆனால் சரி என்றவள் அவள்தானே.

யாரோ ஒருத்தி கேட்டிருந்தாள்: "இது மாரிச்செல்வியைத்தானே சொல்றீங்க?" பதில் போடாமல் ஒரு சிவப்பு இதயம் மட்டும் போட்டேன். எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா! இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 12, புதன்

212 என்பது 871 ஆகிவிட்டது. ஆறு வருஷம் பொறுத்தவள் இன்னும் ஆறு நாள் முன்னாடியே இதைச் செய்திருக்கலாம்.

ஜூன் 19, புதன்

பாடம்: "உங்கள் துறையின் அறிவைப் பகிருங்கள்." ஒற்றைப் படையின் முக்கியத்துவம் பற்றிப் பேசி ஒரு வீடியோ போட்டேன். பதினொன்று, இருபத்தொன்று, முப்பத்தொன்று. இரட்டையில் வைத்தால் பாதியாகப் பிரியும், ஒற்றையில் வைத்தால் பிரிக்க முடியாது, அதுதான் ஐதீகம். கடைசியில் சிரித்துக்கொண்டே, "எங்ககிட்ட எண்ணிக்கை தப்பாது" என்றேன். கயத்தாறு விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

கீழே ஒரு அம்மா கேட்டிருந்தார்: "ஆரத்தித் தட்டையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

கண்ணேறு கழிக்கிற தட்டு அது, சீர் இல்லை. அதை எண்ணக் கூடாது. தட்டுத் தொழிலில் முதல் பாடமே அதுதான், எனக்குத் தெரியாதா?

அந்தக் கமெண்டை அழித்துவிட்டேன். தேவையில்லாத கேள்வி.

கேஸ் சிலிண்டர் வந்தது. சுபிக்ஷாவுக்குச் சளி.

ஜூன் 27, வியாழன்

வகுப்பில் இது சொல்லித்தரவில்லை, நானாகவே செய்தேன். 'மணப்பெண் கோவில்பட்டி' என்று ஒரு பொய்க் கணக்கு. படத்துக்கு எங்கள் மாடித் தொட்டியில் பூத்த மஞ்சள் ரோஜாவை வைத்தேன். மாரீஸ்வரியின் கடைசி மூன்று படங்களுக்கும் கீழே எழுதினேன்: "எங்க வீட்டு வளைகாப்புக்கு வாடின பூ வச்சாங்க. ஏமாறாதீங்க."

வெயில்முத்து எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கும் வேலை, பேச்சு குறைவு.

"இது தொழிலா, பழியா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டையும் ஒரே அடுப்புல வச்சா ஒண்ணு தீயும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எது தீயும் என்று சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

அவள் பதில் போட்டிருக்கிறாள்.

"தவறு இருந்தால் மன்னிக்கணும் சகோதரி. ரோஜா நல்லாப் பூத்திருக்கே. மஞ்சளுக்குத் தண்ணி அதிகம் ஊத்தாதீங்க, வேர் அழுகிரும்."

அந்தச் செடியைக் கொடுத்தவளே அவள்தான். எனக்கு மறந்தே போய்விட்டது. பொய்க் கணக்கை அழித்தேன். தொட்டியைத் தூக்கிப் போடலாம் என்று மாடிக்குப் போனேன். மூன்று மொட்டு விட்டிருந்தது. செடி என்ன பாவம் செய்தது? தண்ணீரை மட்டும் குறைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

கழுகுமலையிலிருந்து ஒரு நிச்சயதார்த்த ஆர்டர், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு. பெண்ணின் அக்கா போனில் பேசினாள்.

"மொதல்ல மாரிச்செல்விலதான்க்கா கேட்டோம். ஆவணி முடிய வெளி ஆர்டர் எடுக்கலன்னு சொல்லிட்டாக."

கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். எடுக்கவில்லையா, கொடுக்க ஆள் வரவில்லையா? ஐந்து வாரத்தில் ஆட்டம் கண்டுவிட்டாள். மேடத்துக்கு "போட்டியாளர் பின்வாங்குகிறார்" என்று அனுப்பினேன். கைதட்டும் பொம்மை அனுப்பினார்.

எனக்கு 6,300.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. யாருக்கும் விசேஷம் கிடையாது, ஆர்டரும் கிடையாது. மாரீஸ்வரியின் பக்கத்தில் பத்தொன்பது நாளாக ஒரு படம்கூட இல்லை. அடுப்பு பற்ற வைக்குமுன் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒன்றும் இல்லாததைப் பார்க்க ஒவ்வொரு நாளும் சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

இன்றும் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

இல்லை. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? எனக்கென்ன.

ஜூலை 22, திங்கள்

சாப்பிடும்போது வெயில்முத்து ஆரம்பித்தார்.

"செப்டம்பர் ஒம்பதோட பிள்ளைக்கு ஆறு வயசு. ஆறு இரட்டைப் படை. அதுக்குள்ள காது குத்தியாகணும். ஆவணி ஏழு நல்ல நாளாம். ஒங்க அண்ணன்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"தாய்மாமன் மடியில்லாம யாரு மடியில உக்காத்தி குத்துவ? ஏம் மடியிலயா?"

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் சீரோடுதான் காது குத்த வேண்டும். வேறு வழி கிடையாது. எனக்கு ஒரே ஒரு அண்ணன். அண்ணன் காளிராஜ் வந்தால் அவன் பெண்டாட்டி வருவாள். அவன் பெண்டாட்டி வந்தால் அவள் செய்த சீர் வரும்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. வரட்டுமே! ஆர்டர் இல்லாமல், கை ஓய்ந்து, மனசு விட்டுப்போனவள் என்னத்தைச் செய்து கொண்டுவருவாள்? அதை ஊரே பார்க்கட்டும். இது சாமி எனக்குப் போட்டுக்கொடுத்த பாதை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது. முறைப்படி வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வாசல். அண்ணன் கோயில் வேலையாக வெளியே போயிருந்தான். அவள்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை சுட்ட கொப்புளம்.

"வா செல்வி. என்ன வாசல்லயே நிக்கிற?"

"நேரமில்ல மதினி. வெள்ளிக்கெழம காதுகுத்து. அண்ணன் மடி வேணும்."

"மடி மட்டும் போதுமா, சீர் வேண்டாமா?"

"ஒங்களால முடிஞ்சதச் செய்ங்க."

யோசித்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்து, கத்தி மாதிரி தீட்டிக்கொண்டு போன வாக்கியம் அது. அவள் சிரித்தாள்.

"முடிஞ்சதத்தான் செய்ய முடியும். உக்காரு, டீ போடுறேன்."

உட்கார்ந்தேன். ஹாலைக் கண்ணால் அளந்தேன். துணிச் சுருள் இல்லை, பழக்கூடை இல்லை, தட்டு அடுக்கே இல்லை. நாங்கள் வேலை செய்த இடத்தில் துவைத்த துணி மடித்துக் கிடந்தது. உள் அறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. கடையைக் கட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். டீயில் எனக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். பாதியை வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இந்த வாரப் பாடம் நேரலை. மேடம் சொன்னது: "லைவ்ல எடிட் பண்ண முடியாது. அதனாலதான் மக்கள் அதை நம்புறாங்க."

திட்டம்:

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு லைவ். தலைப்பு: "தாய்மாமன் சீர் வருது! எண்ணலாம் வாங்க."

இரண்டு நாள் முன்பிருந்தே ஸ்டோரியில் அறிவிப்பு.

ஒவ்வொரு தட்டையும் பக்கத்தில் போய்க் காட்ட வேண்டும். பசை வழிந்தது, லேஸ் பிரிந்தது, பழம் கறுத்தது, எதையும் விடக்கூடாது. வாயால் குறை சொல்லவே கூடாது. "அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே காட்ட வேண்டும்.

பிறகு என்னுடைய தட்டுகளைக் காட்ட வேண்டும்.

கயத்தாறு மண்டப வாசலில் எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கட்டும். எத்தனை பேர் பார்த்தால் போதும்? ஐநூறு பேர் போதும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டுமா? எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே எங்கள் கருப்பசாமி கோயில். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, ஆசாரி ஊசியைப் பன்னீரில் போட்டுக் காத்திருந்தார். மொட்டை போட்ட தலையில் சந்தனம் பூசி சுபிக்ஷா உட்கார்ந்திருந்தாள். ஒன்பதுக்கு லைவ் போட்டேன். நாற்பது பேர், நூறு, முந்நூறு. மேளச் சத்தம் ரோட்டுப் பக்கம் கேட்டது. போனைத் திருப்பினேன்.

முதலில் அண்ணன் வந்தான், தலையில் ஒரு தட்டோடு. அவன் பின்னால் அவள் பிறந்த வீட்டுச் சனம், தெருச் சனம், வரிசையாக.

முதல் தட்டில் கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷன். கடலை மிட்டாயை அடுக்கிக் கட்டிய ஸ்டேஷன், பெயர்ப் பலகையோடு. சுபிக்ஷாவுக்கு ரயில் என்றால் உயிர். இரண்டாவதில் என்ஜின். மூன்றாவதிலிருந்து பெட்டிகள். ஒரு பெட்டி முழுக்க மாதுளை, ஒரு பெட்டியில் பட்டுப் பாவாடை, ஒரு பெட்டியில் வளையல், ஒன்றில் வெல்லம், ஒன்றில் கதைப் புத்தகம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஜன்னல், ஜன்னலுக்குள் விரல் உயரப் பொம்மைகள். ஆள் நடக்க நடக்க ஒரு ரயிலே கோயிலுக்குள் வந்தது. வழிந்த பசை எங்கேயும் இல்லை. பிரிந்த லேஸ் எங்கேயும் இல்லை. வாழைப்பழத்துக்கு நெட் துணி சுற்றவில்லை. ஆர்டர் எடுக்காமல், உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் செய்திருக்கிறாள்.

"அழகா இருக்கு" என்றேன். அடுத்ததற்கும் அதையே சொன்னேன். திட்டப்படி சொன்னதுதான். பிறகு திட்டமில்லாமலே சொன்னேன்.

"மாமா ரயில் கொண்டாந்துட்டாக!" என்று சுபிக்ஷா எழுந்து ஓடினாள். ஆசாரி சிரித்தார். போனில் இதயமாகக் கொட்டியது. சொந்த மகள், சொந்தப் பக்கம், சொந்த லைவ், எல்லாம் அவளுக்கு விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தது. எழுநூறு பேர்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம். எண்ணினேன். சத்தமாக, போனுக்குள். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. கடைசியாக அவளே வந்தாள், கையில் பச்சை விளக்கு எரியும் ஸ்டேஷன் மாஸ்டர் தட்டோடு.

"இருபத்திரண்டு!" என்றேன். என்னால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. "பாருங்க, நீங்களே எண்ணிப் பாருங்க, இருபத்திரண்டு! இரட்டைப் படை! பெரிய பேரெடுத்தவங்க, தாய்மாமன் சீருல இரட்டைப் படை!"

மேளக்காரர் நிறுத்திவிட்டார். அண்ணன் தலை குனிந்தான். அவள் மட்டும் நிற்கவில்லை. பாய்க்கு வந்து, கையிலிருந்த தட்டை இறக்கினாள். ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மைக்கு முன்னால் இருந்தது மஞ்சள் கலந்த சுண்ணாம்புத் தண்ணீர். சிவப்பாக. வெற்றிலை மேல் கற்பூரம்.

"இது ஆரத்தி" என்றாள். எல்லோரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்தான் சொன்னாள். ஆனால் போன் என் கையில் இருந்தது. "ஆரத்தி கணக்குல சேராது, செல்வி. கயத்தாறுலயும் கடைசியா ஏத்துனது ஆரத்தித் தட்டுதான்."

கற்பூரத்தைக் கொளுத்தி சுபிக்ஷாவுக்குச் சுற்றினாள். பிறகு ஒரு அடி தள்ளி வந்து எனக்கும் சுற்றினாள். நான் போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

எனக்கு அது அன்றைக்கே தெரியும். பஸ்ஸில் வரும்போதே தெரியும். வேன் கதவருகில் நின்று முப்பத்தொன்று என்று சொன்ன கையில் இருந்தது ஆரத்தித் தட்டு. எழுதிவிட்டேன், போதுமா?

ஆகஸ்ட் 24, சனி

சுபிக்ஷா காதில் மஞ்சள் வைத்தேன். வீக்கம் இல்லை. மாமா மடியில் இருந்ததால் வலிக்கவே இல்லையாம்.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பந்தி முடிந்து சருவச் சட்டி கழுவும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரத்தியக் கடைசியா வேணும்னுதான கொண்டாந்தீக? அதே மாதிரி அலங்காரம் பண்ணி?"

"ஆமா" என்றாள், கரண்டியைத் தேய்த்துக்கொண்டே. "நீ எண்ணுவன்னு தெரியும். ஏழு மாசமா எனக்கும் எரிஞ்சிச்சில்ல? நீ ஒரு வார்த்த தப்புன்னு சொல்லலயே."

"நீங்க என்னை வேலையாள்னு போட்டீகளே!"

"பின்ன ஓம் பேரப் போடவா? என் நாத்தனா எண்ணத் தெரியாம எண்ணிட்டான்னு போட்டா ஊர்ல ஒனக்கு இன்னொரு ஆர்டர் வருமா? இல்லாத வேலையாள் தலையில போட்டேன். அந்தப் பக்கத்துல இருந்து ஓம் பேர இன்னக்கி வரைக்கும் எடுக்கல. பாத்தியா?"

பார்த்தேன். தினமும் காலையில் அதைத்தானே பார்த்தேன். மாரிச்செல்வி. என் பெயரையும் சேர்த்து அமுக்கிக்கொண்டாள் என்றுதான் ஏழு மாதமாகப் படித்தேன்.

எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பன்னிரண்டாவது வாரம். வகுப்பு முடிகிறது. லைவை இதுவரை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். மேடம் போன் செய்து, "முத்துச்செல்வி, நம்ம பேட்சிலேயே உங்களுக்குத்தான் அதிக ரீச்" என்றார். லைவை முழுக்கப் பார்த்தீர்களா மேடம் என்று கேட்டேன். நேரமில்லையாம்.

பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எண்ணத் தெரியாத செல்வி என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதை அழிக்கவில்லை. ஜூன் மாதம் கேள்வி கேட்ட அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து, "சேர்க்கக் கூடாதும்மா" என்று பதில் அனுப்பினேன். "உங்க லைவ்லயே தெரிஞ்சிக்கிட்டேன்" என்று பதில் வந்தது.

மீதிப் பேரெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அந்த ரயில் சீர் யார் செய்தது? நம்பர் கிடைக்குமா?

வெயில்முத்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "என்ன செய்யப்போற?"

"யோசிக்கேன்."

மதினி நம்பர் எனக்கு மனப்பாடம். ஏழில் முடியும். கடைசி ஏழை ஒன்று என்று மாற்றிப் போட்டால் போதும், அத்தனை பேரும் யாரோ ஒருவருக்குப் போன் செய்து ஏமாந்து போவார்கள். ஒரே ஒரு எண். யாருக்கும் தெரியாது. எண்ணத் தெரியாதவள் தப்பாகப் போட்டுவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். விரல் அந்த ஒன்றின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல ஆசையாகத்தான் இருந்தது.

ஏழு என்றே போட்டேன். கீழே எழுதினேன்: "செய்தது என் மதினி மாரீஸ்வரி. கயத்தாறில் எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்ன வேலையாள் நான்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

முடித்துவிட்டு, போட்ட பதில்களை எண்ணிப் பார்த்தேன். அறுபத்தாறு வந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்று நானே முந்தாநாள் போட்ட நன்றி.

அது கணக்கில் சேராது. அறுபத்தைந்து.